ஒன்பது கிடங்கும் இரண்டு வெள்ளைக் கட்டைகளும்

காலை 5.40. வவுனியா பஸ் நிலையத்தில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையைப் பிடித்தேன். பரந்தன் வரை எண்பது கிலோமீற்றர், ரிக்கற் 360 ரூபாய். மடியில் ஒரு நீளத் துணிப்பை. அதற்குள் மூன்று கோல்ஃப் மட்டைகள் இருந்தன. பக்கத்தில் இருந்தவர் ஓமந்தை தாண்டும் வரை பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தூண்டில் தடியோ?" என்று கேட்டார். பந்தடிக்கிற மட்டை என்றேன். இந்த வயதிலோ என்று அவர் கேட்கவில்லை. முகம் கேட்டது.

எனக்கு அறுபத்து நான்கு வயது. தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தைந்து வருடம் மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்ததால் பொறுமை என்பது என்னிடம் கொஞ்சமும் மிஞ்சவில்லை. கனடாவில் மகள் வீட்டில் எட்டு மாதம் நின்றபோது, வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் பக்கத்தில் இருந்த நகரசபை மைதானத்துக்கு நடந்து போகத் தொடங்கினேன். ஒன்பது குழிகள் கொண்ட சின்ன மைதானம். வார நாள் காலையில் வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம். பணக்காரர் விளையாட்டு என்று நான் நினைத்திருந்த கோல்ஃப், அங்கே பழைய சப்பாத்தோடும் மூன்று மட்டையோடும் யாரும் வந்து விளையாடுகிற விளையாட்டாக இருந்தது.

பதினெட்டுக் குழி மைதானம் எனக்கு ஒத்துவராது. அது ஒரு முழுநாள் வேலை; சாப்பாட்டுப் பொதி கட்டிக்கொண்டு போகவேண்டும். ஒன்பது குழி இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அடிக்கும் இடத்தில் நின்றே கொடி தெரியும். மோசமாக விளையாடினாலும் அந்த மோசம் சீக்கிரம் முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த மைதானத்தில்தான் சிவத்தைச் சந்தித்தேன். முழுப்பெயர் சிவநேசன். விசுவமடுக்காரர், இருபத்திரண்டு வயதில் கனடா போனவர், என்னைவிட ஆறு வயது இளையவர், போஸ்ட்மாஸ்டர் என்பதைச் சுருக்கி என்னை மாஸ்டர் என்று கூப்பிடுபவர். இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குத் திரும்பி, நெல்லுக்கு உதவாத தகப்பனின் ஆறரை ஏக்கர் மேட்டு நிலத்தில் ஒன்பது குழி வெட்டிவிட்டார். வாருங்கள் வாருங்கள் என்று ஒரு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன கிழமை தொலைபேசியில் நான் கேட்டேன்:

"தண்ணி ஏதும் குறுக்க கிடக்கோ?"

"ஏழாவதில ஒரு குட்டை இருக்கு மாஸ்டர்."

"சுத்திச் சிவப்புக் கட்டை நட்டிருக்கிறீரோ?"

"இல்லை."

"பிறகென்ன கோல்ஃப்? தண்ணிக்குச் சிவப்புக் கட்டை, எல்லைக்கு வெள்ளைக் கட்டை. விதிப் புத்தகத்தை ஒருக்கால் எடுத்துப் பாரும்."

விதி என்று வந்தால் நான் கொஞ்சம் அதிகமாகக் கதைப்பவன். அன்று கொஞ்சம் குறைத்துக் கதைத்திருக்கலாம்.

காலை 6.55. முறிகண்டியில் பஸ் நின்றது. ஏ9 வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவதில்லை. எல்லோரும் இறங்கினார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள், கச்சான் கடலை வாங்கினார்கள். பத்து நிமிடம் வீணாகிறதே என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தேன்.

7.25க்குப் பரந்தன் சந்தி. மாசி மாதம், அறுவடை முடிகிற காலம். வீதி ஓரத்தில் படங்கு விரித்து நெல் காயவைத்திருந்தார்கள். தேநீரும் ஒரு பணிசும் 130 ரூபாய். முல்லைத்தீவு பஸ் 7.40க்கு வந்தது. விசுவமடுச் சந்தி வரை 110 ரூபாய். "எங்க போறியள்?" என்று கேட்ட நடத்துநருக்குச் சிவத்தின் பெயர் தெரியவில்லை. மட்டைப் பையைப் பார்த்ததும், "ஒன்பது கிடங்குக்கோ? சந்தியில ஓட்டோ பிடியுங்கோ" என்றார். குழியைக் கிடங்கு என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. தன் மைதானத்துக்குச் சிவம் வைத்த ஆங்கிலப் பெயர் வாசல் பலகையோடு நின்றுவிட்டது. ஊர் தன் பாட்டில் வேறு பெயர் வைத்துவிட்டது.

காலை 8.15. சந்தியிலிருந்து நான்கு கிலோமீற்றருக்கு ஓட்டோக்காரர் ஐந்நூறு கேட்டார். சரி என்று ஏறினேன். ஊர்க் கதை, நெல் விலை, பன்றித் தொல்லை என்று வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தவர், குளக்கட்டு வளைவில் திடீரென்று பேச்சை நிறுத்தினார். ஓட்டோவையும் நிறுத்தினார்.

"ஐயா, இதோட இறங்குங்கோ."

"இன்னும் அரைக் கிலோமீற்றர் கிடக்குதே?"

"ஓம். நான் அங்கால வரேல்லை."

"வாசல் வரைக்கும் எண்டுதானே ஐந்நூறு பேசினது?"

"முந்நூறு தாங்கோ, காணும்."

கேட்காமலே கூலியைக் குறைத்த ஓட்டோக்காரரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். எரிச்சலில் முந்நூறை நீட்டிவிட்டு இறங்கினேன். அவர் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "கிறவல் றோட்டிலயே நடவுங்கோ ஐயா. புல்லுக்குள்ள இறங்காதேங்கோ." பாம்பைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வாசலில் சிவம் தனியாக நின்றார். என்னைக் கண்ட சந்தோஷத்தை மீறி முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. புல் வெட்ட நான்கு பெண்கள் தினமும் ஏழு மணிக்கு வருவார்களாம். அன்றும் வந்திருக்கிறார்கள்.

"வாசலில நிண்டு ஒருக்காப் பாத்திச்சினம் மாஸ்டர். பாத்திட்டு அப்பிடியே திரும்பிப் போட்டினம். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பியும் பாக்கேல்லை. ஊரில ஆரும் செத்துப்போச்சினமோ தெரியேல்லை."

"உம்மட மேற்பார்வைக்காரி எங்க? ஸ்ரெலா எண்டு சொல்லுவீரே."

"அவா தமக்கையின்ர பிள்ளைக்கு மாதா கோயிலில முதல்நன்மை எண்டு முல்லைத்தீவுக்குப் போனவா. பத்து மணிக்குள்ள வந்திடுவா."

ஒன்பது கிடங்கை எழுத்தில் காட்டவேண்டுமானால் முதலில் பச்சைப் புல்தரையை மறந்துவிடுங்கள். வன்னி வெயிலுக்கு அது நிற்காது. கொடி நிற்கும் இடங்களில் சிவம் புல்லுக்குப் பதிலாக மணல் போட்டிருந்தார். பன்னிரண்டு அடி அகல வட்டம், சலித்த மணல், வாரியால் இழுத்து இழுத்து மட்டமாக்கப்பட்டது. அவ்வளவு மட்டம். ஒரு கோழி நடந்தால்கூடக் கால் தெரியும். முதற் குழி 62 மீற்றர். ஆகக் குறுகியது நான்காவது, 48. ஆக நீளமானது ஒன்பதாவது, 110. ஒரு சுற்றுக்கு முந்நூறு ரூபாய். மட்டை இல்லாதவர்களுக்கு வாடகை மட்டை இருநூறு. சனி ஞாயிறுகளில் கிளிநொச்சியிலிருந்து வங்கிக்காரர், ஆசிரியர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவதாகச் சிவம் சொன்னார்.

8.40க்குத் தொடங்கினோம். நான் நன்றாகத்தான் விளையாடினேன். நான்காவதில் பந்து கொடிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. ஆனாலும் ஏதோ சரியில்லை. தெற்கே குளக்கட்டில் வயலுக்குப் போகிறவர்களும் சைக்கிள்காரரும் போய்க்கொண்டிருந்தார்கள். மைதானத்தின் ஓரப்பாதைதான் அவர்களுக்குக் கிட்ட என்று சிவமே சொல்லியிருந்தார். ஒருவரும் அதால் வரவில்லை. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவர், பாதை பிரியும் இடத்தில் நின்று, மாடுகளை அடித்துத் திருப்பிச் சுற்றுவழியால் கொண்டுபோனார். எங்கள் பக்கம் அவர் கையசைக்கவும் இல்லை. யாரோ எங்களைத் தள்ளிவைத்துவிட்டது மாதிரி இருந்தது. சிவம் சிரிக்க முயன்றார்.

காலை 9.45. ஏழாவது குழி. 84 மீற்றர், இடப்பக்கம் குட்டை, வலப்பக்கம் காடு. குட்டையைச் சுற்றிப் புதுச் சிவப்புப் பூச்சோடு கட்டைகள் நின்றன.

"நேற்றுப் பின்னேரம் நானே அடிச்சனான். பன்னிரண்டு" என்றார் சிவம். பெருமை குரலில் தெரிந்தது.

என் பேச்சைக் கேட்டு நட்டிருக்கிறார் என்று எனக்கும் பெருமை. அத்தோடு, வலப்பக்கம் காட்டோரப் புல்லுக்குள் இரண்டு வெள்ளைக் கட்டைகளும் தெரிந்தன. எல்லையையும் விதிப்படி குறித்துவிட்டாரே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மெச்சிய கையோடு அடித்த பந்து கோணிக்கொண்டு வலப்பக்கம் போய், அந்த இரண்டு கட்டைகளுக்கும் அப்பால் விழுந்த மாதிரி இருந்தது.

எல்லை தாண்டினால் தண்டம் உண்டு. தாண்டாமல் ஓரத்தில் நிற்கும் என்ற நப்பாசையில், சிவம் தன் பந்தை அடிக்க ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்போதே நான் விறுவிறென்று போனேன். விதிப்படி பந்து தேட மூன்று நிமிடம்தான். வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவால் உள்ளே போய், முழங்கால் உயரப் புல்லை மட்டையால் இரண்டு பக்கமும் விலக்கி விலக்கித் தேடினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை கூசுகிறது.

"ஐயா!"

ஒரு பெண்குரல். கத்தவில்லை, உரத்துச் சொன்னது, அவ்வளவுதான்.

"ஐயா, நில்லுங்கோ. காலைத் தூக்காதேங்கோ. மட்டையை ஊண்டாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ."

ஏன் என்று கேட்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் யார் சொல்லியும் நான் அப்படி உடனே எதையும் செய்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். பாதையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தோளில் பயணப்பை, பஸ்ஸால் வந்த களை மாறாத முகம். ஸ்ரெலா. முல்லைத்தீவுக் கரையோரத்து மீனவக் குடும்பத்துப் பெண். இங்கே வேலைக்கு வருமுன் ஒன்பது வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர். சிவம் இதையெல்லாம் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அது எனக்கு அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது. அதோடு சேர்ந்து மிச்சமும் விளங்கியது.

வன்னியில் சிவப்புக் கட்டை என்றால் அங்கே வெடி இருக்கிறது என்று பொருள். சின்னப்பிள்ளைக்கும் தெரியும். புல் வெட்டும் பெண்கள் வாசலில் நின்று பார்த்தது அதைத்தான். ஓட்டோக்காரரும் மாட்டுக்காரரும் அதைத்தான் கண்டார்கள். ஒரே இரவில் பன்னிரண்டு கட்டை முளைத்திருக்கிறது என்றால் ஊர் வேறென்ன நினைக்கும்? சிவம் போரின்போது இங்கே இல்லை. ஆனால் நான்? வவுனியாவில் இருந்துகொண்டு, இதே ஏ9 வீதியில் மண்டையோட்டுப் பலகைகளையும் சிவப்புக் கட்டைகளையும் பஸ் யன்னலால் வருடக்கணக்காகப் பார்த்தவன். யன்னலால் பார்த்ததை யன்னலோடு விட்டுவிட்டேன் போல. அன்று என் தலைக்குள் சிவப்பு என்றால் விதிப் புத்தகம் மட்டும்தான்.

"அது ஒண்டுமில்லை ஸ்ரெலா" என்றார் சிவம். "கட்டையெல்லாம் நான் நட்டது. கோல்ஃப் கட்டை. பயப்பிடாதேங்கோ."

எனக்கு மூச்சு வந்தது.

"சிவப்புக் கட்டை நீங்கள் நட்டது அண்ணை. அது பாக்கவே தெரியுது, நேற்றையப் பெயின்ற்" என்றார் ஸ்ரெலா. "இந்த வெள்ளை ரெண்டும்?"

சிவம் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் வெள்ளைக் கட்டை ஒண்டும் நடேல்லை" என்றார்.

ஸ்ரெலா பையை இறக்கிப் பாதையில் வைத்தார். "ஐயா, தலையை மட்டும் திருப்புங்கோ. கட்டையில உங்கட பக்கம் பாக்கிற முகம் என்ன நிறம்?"

பார்த்தேன். வெயிலில் மங்கிப் போயிருந்தாலும் தெரிந்தது.

"சிவப்பு" என்றேன்.

ஸ்ரெலா பாதையிலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்தார். பிறகுதான், "சரி. அப்ப நாங்கள் ஆறுதலா இருப்பம்" என்றார். துப்புரவாக்கிய பக்கத்துக்கு வெள்ளை முகம், ஆபத்தான பக்கத்துக்குச் சிவப்பு முகம். அதுதான் அந்த வேலையின் வழக்கம் என்று அவர் எனக்குப் பிற்பாடு சொன்னார். சிவப்பு யாருக்குத் தெரிகிறதோ அவர் உள்ளே நிற்கிறார். நான் பதினைந்து அடி வைத்து உள்ளே போயிருந்தேன்.

ஸ்ரெலா தொலைபேசியில் தான் முன்பு வேலை செய்த இடத்துக்குப் பேசினார். மூன்று வாக்கியம், ஒரு முகவரி. பக்கத்து ஊரில் வேலை செய்யும் குழு வருகிறது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்றார். வந்த அடியிலேயே திரும்பி வரட்டா என்று கேட்டேன். வந்த அடி எது என்று காட்டச் சொன்னார். குனிந்து பார்த்தேன். புல் நிமிர்ந்துவிட்டது. எதுவும் தெரியவில்லை.

நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை. இடது கால் முன்னுக்கு, வலது கால் பின்னுக்கு. மட்டை கையில். அதை ஊன்ற முடியாது, எறிய முடியாது. தோளில் வைத்தேன், மறு தோளுக்கு மாற்றினேன், கழுத்துக்குப் பின்னால் வைத்தேன். வெயில் ஏறியது. கண்ணுக்கு நேரே, பத்தடி தள்ளி, வேர் ஒன்றின் அருகே என் வெள்ளைப் பந்து கிடந்தது. இவ்வளவு நேரமும் தேடிய பந்து, நின்றபிறகு தெரிகிறது. எனக்கு அழவேண்டும் போல வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கால் நடுங்கியது. நடுங்குகிற கால் தானாக எடுத்துவைத்துவிடுமோ என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

"கதையுங்கோ ஐயா" என்றார் ஸ்ரெலா. "கதைச்சுக்கொண்டு நிண்டால் கால் மறந்துபோகும்."

"என்னத்தைக் கதைக்க? நீங்கள் கதையுங்கோ பிள்ளை."

அவர் கதைத்தார். வெடி எடுக்கிற வேலையில் ஒரு நாளைக்கு ஒரு வீட்டு முற்றம் அளவு நிலம்தான் பார்க்கலாமாம். கடுமையான நிலமென்றால் அதுவும் இல்லையாம். எல்லாம் முழங்காலில். இங்கே வந்தபிறகும் முழங்காலில்தான். மணல் வட்டத்தில் வாரி பிடிக்குமுன் குனிந்து கன்னம் மண்ணில் படப் பார்ப்பாராம். மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும்.

"உங்களுக்கு இந்த விளையாட்டுப் பிடிக்குமோ?"

"அடிக்கிறது அவ்வளவு வராது. இடம் பிடிக்கும். ரீவியில பெரிய மைதானம் காட்டுறவை, அந்தம் தெரியாத நிலம். எனக்கு அது சரிவராது. இஞ்ச எண்டால் நிண்ட இடத்தில நிண்டு முடிவு வரைக்கும் பாக்கலாம். ஒவ்வொரு அடியும் நான் பாத்த நிலம்." பிறகு, "இந்தக் காட்டோரம் மட்டும் எங்கட வேலைக்குள்ள இல்லை. புல்லுக்கும் நாங்கள் இஞ்சால வாறேல்லை. மாரிப் புல்லு சரிஞ்சபிறகுதான் கட்டை தெரியுது போல" என்றார்.

குறுகிய மைதானத்தின் அருமையைப் பற்றி நான் எத்தனையோ பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். நேர மிச்சம், காசு மிச்சம் என்று. இந்தக் காரணம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

காலை 10.30. செய்தி பரவி, பாதையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவரும் பாதையை விட்டு ஒரு அங்குலம் இறங்கவில்லை. அதற்குள் தவம் என்ற ஆட்டுக்காரர் ஓடிவந்தார்.

"அது என்ர ஆட்டுக்கட்டை! ஐயாவை வரச்சொல்லுங்கோ. இடப்பக்கம் நிக்கிறது நான் அடிச்ச கட்டை!"

அப்பாடா என்று வலது காலைத் தூக்கிவிட்டேன். குதி எழும்பிவிட்டது. விரல் மட்டும் மண்ணில்.

"வையுங்கோ!" ஸ்ரெலா இப்போது கத்தினார். "வைச்ச இடத்திலயே வையுங்கோ!"

வைத்தேன். அவர் தவத்தின் பக்கம் திரும்பினார். "கட்டையை எங்க இருந்து எடுத்தனீங்கள்?"

"இஞ்சதான் சரிஞ்சு கிடந்தது. ஆடு கட்ட வசதி எண்டு கொஞ்சம் தள்ளி அடிச்சனான்."

"எவ்வளவு தள்ளி? எந்தப் பக்கம்?"

தவத்துக்குத் தெரியவில்லை. இரண்டு மாரிகாலத்துக்கு முன் நடந்த காரியம். காட்டுப் பக்கமாக என்றார், பிறகு இல்லை என்றார். அவர் முகம் கறுத்துவிட்டது. அப்படியானால் ஆபத்தின் கோடு எங்கே போகிறது என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பின்னாலும் இருக்கலாம், முன்னாலும் இருக்கலாம். நான் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியபடியே, அந்தக் கட்டைகளை எல்லைக் கட்டை என்று மெச்சியது நான்தானே என்ற நினைப்பும் வந்தது.

காலை 11.05க்குக் குழு வந்தது. நான்கு பேர், கவசம், முகமறைப்பு, கருவி. தலைவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். ஸ்ரெலாவைக் கண்டதும், "அக்கா, நீங்களோ?" என்றார். அந்த இளைஞர் தன்னிடம் வேலை பழகியவர் என்றுகூட ஸ்ரெலா காட்டிக்கொள்ளாமல், என்னையும் கட்டைகளையும் காட்டி விவரம் சொல்லிவிட்டு ஒதுங்கினார். மற்றவர்களைத் தூரத்துக்கு அனுப்பினார்கள். பாதையிலிருந்து என்னை நோக்கி ஒரு மீற்றர் அகலத்தில் வழி பார்த்துக்கொண்டு வந்தார்கள். பதினொரு மீற்றர். புல்லை வெட்டி, கருவி பிடித்து, ஒரு சாண் முன்னேறி, மறுபடி வெட்டி. ஒரு இடத்தில் கருவி சத்தமிட்டது. எல்லோரும் நின்றார்கள். இருபது நிமிடம் மண்ணைச் சுரண்டி எடுத்தது ஒரு மீன் ரின் மூடி. நான் மூன்று தரம் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். காலையில் பஸ்ஸைவிட்டு இறங்காதவன் கூப்பிட்டால் அவர் வருவாரா என்ற யோசனையும் ஓடியது.

பகல் 12.35. அந்த இளைஞரின் கை என் சப்பாத்தைத் தொட்டது. "ஐயா, இப்ப மெல்லத் திரும்புங்கோ. என்ர அடிக்குப் பின்னால வாங்கோ" என்றார். இரண்டு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் ஆகியிருந்தது. ஒன்பது குழியையும் முடித்துச் சாப்பிடவும் போயிருக்கக்கூடிய நேரம். பாதைக்கு வந்ததும் சிவம் என்னைப் பிடித்து இருத்தினார்.

சிவத்தின் குசினியில் சோறும் நெத்தலிக் குழம்பும் இருந்தன. எனக்கு இறங்கவில்லை. காட்டோரம் முழுவதையும் மறுபடி பார்க்கவேண்டும், அதுவரை ஏழு, எட்டு, ஒன்பதாம் குழிப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

"மூடிப்போடுவம்" என்றார் சிவம். "எனக்கு இது காணும். ஆருக்கும் ஏதும் நடந்திருந்தால்?"

"ஆறு கிடங்கு கிடக்குது அண்ணை" என்றார் ஸ்ரெலா. "ஆறும் நான் பாத்த நிலம். இண்டைக்கே அந்தச் சிவப்புக் கட்டையளைப் பிடுங்குவம். பொம்பிளையளுக்கு நான் போய்ச் சொல்லுறன். குட்டைக்கு நீல நிறம் அடிச்சால் காணும், தண்ணி எண்டு எல்லாருக்கும் விளங்கும்."

சிவம் என்னைப் பார்த்தார். விதிப் புத்தகக்காரன் என்ன சொல்லப்போகிறேன் என்று. நீலம் நல்ல நிறம் என்றேன்.

பிற்பகல் 2.50. புறப்படும்போது ஸ்ரெலா என் புள்ளி அட்டையைக் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று குறிக்கும் அட்டை. ஆறு குழிக்கும் சிவம் குறித்திருந்தார். ஏழாவதுக்கு நேரே பென்சிலில் 2 என்று புதிதாக எழுதியிருந்தது.

"இது பிழை பிள்ளை" என்றேன். "பந்து துலைஞ்சுது. தண்டத்தோட கணக்குப் பார்த்தாலும் அஞ்சுக்குக் குறையாது. ரெண்டு எப்பிடி வரும்?"

"போகேக்க எத்தினை காலோட போனீங்கள்?"

"ரெண்டு."

"வரேக்க?"

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"அப்ப ரெண்டுதானே ஐயா" என்றார். சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அட்டையைச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். விதிப்படி வீட்டுக்குப் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் கொண்டுவந்த அதே ஓட்டோக்காரர் இப்போது வாசல் வரை வந்தார். ஐந்நூறு நீட்டினேன். "காலமை மிச்சம் இருநூறையும் பிடியும்" என்று மேலும் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "சொல்லியிருக்கவேணும் ஐயா. உங்களுக்கும் தெரியும் எண்டு நினைச்சன்" என்றார். தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

மாலை 4.40. முறிகண்டி. பஸ் நின்றது. நான் எழும்ப, தொலைபேசி அடித்தது. ஸ்ரெலா.

"ஐயா, குழு ஆக்கள் உங்கட பந்தைக் கண்டவை. ஆனா எடுக்கேல்லை."

"ஏன்?"

"பந்துக்கு ஒரு சாண் தள்ளி ஒண்டு கிடக்காம். நல்லாத்தான் கிடக்காம். நாளைக்கு அதில வைச்சே வெடிக்க வைப்பினம். பந்தும் சேர்ந்து போகும். துலைஞ்ச பந்தைத் தேடுவீங்கள் எண்டுதான் சொன்னன்."

நன்றி சொன்னேனோ இல்லையோ நினைவில்லை. மறுபடி இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி. இன்னும் நாலைந்து எட்டு. ஸ்ரெலாவின் பஸ் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் நான் குனிந்து பந்தை எடுக்கப் போயிருப்பேன். அங்கே நின்றபோது வந்த பயம் வேறு, இது வேறு.

கனடாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்திலும் சிவப்புக் கட்டைகள் உண்டு. அங்கே அதற்குள் பந்து போனால் ஒரு அடி தண்டம், இன்னொரு பந்தை எடுத்து அடிக்கலாம். அதைத்தான் நான் விதி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். பென்சில் எழுத்து வியர்வையில் மங்கத் தொடங்கியிருந்தது. நடத்துநரிடம் பேனாவை வாங்கி, ஏழாம் குழிக்கு நேரே, அந்த இரண்டின் மேலேயே அழுத்தி இரண்டு என்று எழுதினேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேங்காய் வாங்க இறங்கினேன்.